எங்களுக்குப் பின்னால் போடப்பட்ட கோடு

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் அறைக்குள் மதிய இடைவேளையில் போனால், ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் ஆறேழு பேரைப் பார்க்கலாம். அவர்களுடைய சம்பளமும் ஆறேழு விதம். தலைமையாசிரியர் 2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்தவர், அவருக்கு ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) உண்டு, பழைய ஓய்வூதியம் உண்டு. பக்கத்து நாற்காலியில் இருக்கும் பட்டதாரி ஆசிரியர் அந்தத் தேதிக்குப் பின் வந்தவர். அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பத்து விழுக்காடு, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் (சி.பி.எஸ்.) என்று தொடங்கி, மாதாமாதம் பிடித்தம் போகிறது. இடைநிலை ஆசிரியர்கள் இருவர். ஒருவர் 2009 மே மாதத்துக்குள் சேர்ந்தார், மற்றவர் அதற்குப் பின் சேர்ந்தார். இருவருக்கும் ஒரே பாடநூல், ஒரே ‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சி, ஆனால் அடிப்படை ஊதியத்தில் பெரிய பள்ளம். ஓவிய ஆசிரியர் பகுதிநேரம். காலியிடத்தில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக வந்த பெண் தற்காலிகம். கழிப்பறை கழுவும் அம்மா இந்த மேசைக்கு வருவதே இல்லை.

இந்தப் பிரிவுகளை வகுத்தது அரசு. மாறி மாறி வந்த இரண்டு கட்சிகளின் அரசுகளும் வகுத்தன. ஆனால் ஒவ்வொரு பிரிவும் உருவான நாளில் நாங்கள் அங்கே இருந்தோம். நாங்கள் என்று நான் சொல்வது, பழைய ஓய்வூதியத்துக்குள் இருந்துகொண்டு, சங்கத்துக்குச் சந்தா கட்டி, வட்டாரக் கிளையிலும் மாவட்டக் கிளையிலும் பொறுப்பு வகித்து, மறியலில் கைதாகித் திருமண மண்டபங்களில் அடைபட்டு, மாலையில் விடுதலையாகி வீடு திரும்பிய தலைமுறையை. இடதுசாரித் தோழர்களிடமிருந்து சங்கங்களுக்குள் வந்த பழக்கம் சுயவிமர்சனம். மாநாட்டு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘உறுப்பினர் சேர்க்கையில் இன்னும் வேகம் தேவை’ என்று இரண்டு வரி எழுதி அதை முடித்துக்கொள்வோம். அந்த இரண்டு வரிக்குள் அடங்காதவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாத்தியாருக்கு எதற்கு இவ்வளவு சம்பளம் என்று கேட்பவர்களோடு சேர்ந்துகொள்ள நான் இதை எழுதவில்லை. உதவிபெறும் பள்ளி நிர்வாகிகள் முழுத் தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாதியைக் கொடுத்த காலம் இருந்தது. ஒன்றியப் பெருந்தலைவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் ஒன்றியத்தின் கடைக்கோடிக்கு மாற்றல் வந்த காலம் இருந்தது. 1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். 1988இல் கோட்டையை நோக்கி நடந்த பெரும் போராட்டங்களுக்குப் பின், மத்திய அரசு ஊழியர்களுக்கு இணையான ஊதியம் வந்தது. அந்த ஊதிய விகிதம் சாதி பார்க்கவில்லை, ஆண் பெண் பார்க்கவில்லை. குடும்பத்திலேயே முதல் ஆளாகப் படித்து வந்த ஒரு பெண், மாதம் பிறந்தால் யார் வாசலிலும் நிற்காமல் சம்பளம் வாங்க முடிந்தது. தமிழ்நாட்டின் கிராமங்களில் அந்த வருமானம் எத்தனை வீடுகளைத் தூக்கி நிறுத்தியது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள். அது நியாயமான சம்பளம். அதைச் சங்கம்தான் வாங்கித் தந்தது.

எங்கள் குற்றம் அதற்குப் பிறகு தொடங்குகிறது.

2003 ஜூலை 2ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்த நாட்களின் பயமும் நினைவிருக்கும். ஓய்வூதியப் பலன்களில் வெட்டு, சரண்டர் விடுப்பில் வெட்டு என்று அடுத்தடுத்து வந்த ஆணைகளை எதிர்த்துத் தெருவுக்கு வந்தோம். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மா பாய்ந்தது. இரவில் வீடு புகுந்து கைது செய்தார்கள். ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த இடங்களுக்குத் தொகுப்பூதியத்தில் ஆள் எடுக்க அரசு அறிவித்ததும் வேலையில்லாத இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். ஆகஸ்ட் 6ஆம் தேதி டி.கே.ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்டப்படியான உரிமையோ, தார்மிக உரிமையோ கிடையாது என்று சொல்லிவிட்டது. மன்னிப்புக் கடிதமும் நடத்தை விதிகளுக்குக் கட்டுப்படுவோம் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரும்பாலோர் பள்ளிக்குத் திரும்பினோம். அந்தக் கடிதத்தை எழுதிய கை நடுங்கியதை எங்களில் யாரும் மறந்திருக்க முடியாது.

2004 மக்களவைத் தேர்தலில் ஆளும் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. நடவடிக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. எங்கள் பலம் தெரிந்துவிட்டது என்று மேடைகளில் முழங்கினோம். அந்த முழக்கத்துக்கு நடுவே ஒன்று மட்டும் அப்படியே நின்றது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேருபவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்ற ஆணை.

அதை நாங்கள் எதிர்க்கவில்லை என்று சொல்ல முடியாது. தீர்மானங்களில் இருந்தது. கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. ஆனால் 2003 ஜூலையில் எங்களை வீட்டை விட்டு வெளியே இழுத்த அந்த ஆத்திரம் அதற்கு வரவில்லை. காரணம் எளிது: அந்தக் கோடு எங்களுக்குப் பின்னால் போடப்பட்டிருந்தது. ‘இனிமே வர்றவங்களுக்குத்தானே’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அந்த ‘இனிமே வர்றவங்க’ அப்போது எங்களிடம் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார்கள்.

சரியாக அதே ஆண்டுகளில்தான் ஆசிரியர்கள் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுகலை ஆசிரியருக்கு 4,500. 2006 ஜூன் முதல் அவர்கள் காலமுறை ஊதியத்துக்கு வந்தார்கள், அதற்காகச் சங்கங்கள் பாடுபட்டதும் உண்மை. ஆனால் தொகுப்பூதியத்தில் கழிந்த காலம் அவர்களுடைய பணிக்காலத்தில் சேரவில்லை. அந்த இழப்பு இன்றும் அவர்களுடைய சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது.

கோடு போட்டால் முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதை அரசு 2003இல் கற்றுக்கொண்டது என்றே நினைக்கிறேன். ஆறாவது ஊதியக் குழுவை நடைமுறைப்படுத்தியபோது, 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 என்றும், மறுநாள் முதல் சேருபவருக்கு 5,200 என்றும் அமைந்தது. வித்தியாசம் 3,170 ரூபாய். அடுத்த ஊதியக் குழு 2.57ஆல் பெருக்கியபோது அந்த வித்தியாசமும் சேர்ந்து பெருகி எட்டாயிரத்தைத் தொட்டது; அதன்மேல் அகவிலைப்படி ஏற ஏற இன்னும் விரிகிறது. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ இருபதாயிரம் பேர். அவர்கள் என்ன செய்தார்கள்? தனியாகச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். 2018 டிசம்பரிலும் 2022 டிசம்பரிலும் சென்னை நுங்கம்பாக்கத்தில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் குழந்தைகளோடு உண்ணாவிரதம் இருந்தார்கள், பலர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனார்கள். பெரிய சங்கங்களிலிருந்து தலைவர்கள் போய்ச் சால்வை போட்டு வாழ்த்துச் சொன்னார்கள். வாழ்த்துச் சொல்லப் போனவர்கள் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் தனிச் சங்கம் தொடங்கியதை அன்று ‘பிளவு வேலை’ என்று எங்கள் கூட்டங்களில் பேசினோம். பிளவை உண்டாக்கியது 3,170 ரூபாய். அதை எங்கள் பிரச்சினையாக நாங்கள் எடுத்துக்கொள்ளாததால் பிளவு அகன்றது.

2012இல் பகுதிநேர ஆசிரியர்கள் வந்தார்கள். உடற்கல்வி, ஓவியம், இசை, கணினி, தையல் என்று 16,549 இடங்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய், மே மாதம் சம்பளம் கிடையாது. 2024இல்தான் மாதத் தொகை 12,500க்கு வந்தது. மூன்று அரை நாள் என்பது காகிதத்தில் இருந்தது. விளையாட்டு விழா, ஆண்டு விழா, கலைத் திருவிழா, எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், இலவச நோட்டுப் புத்தகம் இறக்குவது என்று அவர்களை முழு வாரமும் பள்ளிக்கு வரவழைத்த தலைமையாசிரியர்களில் சங்கப் பொறுப்பாளர்கள் இருந்தார்கள். எமிஸ் வேலை எங்கள் மீது ஏற்றப்படுகிறது என்று அரசிடம் முறையிட்ட நாங்கள், அந்த வேலையைக் கணினி தெரிந்த பகுதிநேர ஆசிரியரிடம் கைமாற்றிவிட்டோம். அவருக்கு மே மாதச் சம்பளம் வேண்டும் என்று எந்த வட்டாரத்திலாவது நாங்கள் ஒருநாள் தற்செயல் விடுப்பு எடுத்துப் போராடினோமா? நான் இருந்த வட்டாரத்தில் இல்லை. தி.மு.க.வின் 2021 தேர்தல் அறிக்கையில் பகுதிநேர ஆசிரியர் பணிநிரந்தரம் 181ஆவது வாக்குறுதி, இடைநிலை ஆசிரியர் ஊதியம் 311ஆவது. அந்த எண்களை அட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றவர்கள் அவர்கள் மட்டுமே.

துப்புரவுப் பணியாளரைப் பற்றி எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. தொடக்கப் பள்ளிக் கழிப்பறையைச் சுத்தம் செய்பவருக்கு அரசு நிர்ணயித்த தொகை மாதம் ஆயிரம் ரூபாய் என்ற அளவில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது, அதுவும் மாதாமாதம் வராது. எங்கள் ஒருநாள் சம்பளத்தைவிட அது குறைவு. பணம் வராத மாதங்களில் ஆசிரியர்கள் கையிலிருந்து போட்டுக் கொடுத்ததுண்டு. அது நல்ல மனம். சங்கம் இருப்பது எதற்கு என்றால், நல்ல மனத்தை நம்பி யாரும் வாழக் கூடாது என்பதற்குத்தான். எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். நிர்வாகியின் நல்ல மனத்தை நம்பி வாழ்ந்த ஆசிரியர்களின் வாரிசுகள் நாங்கள்.

இனி 2019. ஜனவரி 22ஆம் தேதி, ஆசிரியர் - அரசு ஊழியர் சங்கங்களின் ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பின் காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது. சி.பி.எஸ். ரத்து, ஊதியக் குழுவின் 21 மாத நிலுவை, இடைநிலை ஆசிரியர் ஊதிய முரண்பாடு, சத்துணவு - அங்கன்வாடி ஊழியர்களுக்குக் காலமுறை ஊதியம் எல்லாம் கோரிக்கைகளில் இருந்தன. கைதுகள், இடைநீக்கங்கள், 17(பி) ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணைகள். ஒன்பதாவது நாள் கைவிட்டோம். எங்களை உடைத்தது அரசின் ஆணை என்று வெளியே சொன்னோம். உள்ளுக்குள் எல்லோருக்கும் தெரிந்தது வேறு. தற்காலிக ஆசிரியருக்கு மாதம் 7,500 என்று அரசு அறிவித்தது, பிறகு 10,000 ஆக்கியது. வட்டாரக் கல்வி அலுவலகங்களில் கூட்டம் அலைமோதியது. வந்தவர்கள் டி.டெட்., பி.எட். முடித்தவர்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்று ஆறு ஆண்டுகளாகக் காத்திருந்தவர்கள். தனியார் பள்ளியில் அதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் பலர் எங்களிடம் படித்தவர்கள்.

அவர்களைக் கருங்காலிகள் என்றோம். வாட்ஸப் குழுக்களில் அவர்கள் படத்தைப் போட்டுத் திட்டினோம். அந்த வார்த்தை தொழிற்சங்க வரலாற்றில் கனமானது. சக தொழிலாளியைக் காட்டிக்கொடுத்தவனுக்கு உரியது. அவர்களை எப்போது சக தொழிலாளியாக நாங்கள் நடத்தினோம்? எந்தச் சங்கத்தின் உறுப்பினர் படிவத்தில் அவர்களுக்கு இடம் இருந்தது? 2013இல் தகுதித் தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு, 2018இல் அரசாணை 149 வழியாக இன்னொரு போட்டித் தேர்வு என்று தடை வைத்தபோது, அவர்கள் தனியாகத்தான் உண்ணாவிரதம் இருந்தார்கள். அன்று நாங்கள் அவர்களோடு இருந்திருந்தால், 2019 ஜனவரியில் அந்த வரிசை இவ்வளவு நீண்டிருக்காது. ஊர்மக்களும் எங்கள் பக்கம் வரவில்லை. நாளிதழ்களில் எங்கள் சம்பளப் பட்டியல் வந்தது, டீக்கடையில் அதைச் சத்தமாகப் படித்தார்கள். அந்தப் பட்டியலைப் படித்தவர்களின் வீட்டில் ஒரு மகளோ மருமகளோ மெட்ரிக் பள்ளியில் சொற்ப சம்பளத்துக்கு எட்டு மணிநேரம் நின்றுகொண்டு பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

அந்தத் தனியார் பள்ளி ஆசிரியர்கள் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது எங்களுக்கு முழுச் சம்பளம் வந்தது, வர வேண்டியதுதான். அவர்களில் பலருக்குப் பாதி வந்தது, பலருக்கு ஒன்றும் வரவில்லை. காய்கறி விற்றார்கள், நூறு நாள் வேலைக்குப் போனார்கள். அந்த மாதங்களில் எங்கள் சங்கங்கள் கொடுத்த அறிக்கைகள் அகவிலைப்படி முடக்கத்தைப் பற்றியும் சரண்டர் நிறுத்தத்தைப் பற்றியும்தான். 2020 மேயில் ஓய்வு வயது 59 ஆனது, 2021 பிப்ரவரியில் 60 ஆனது. ஓய்வுக்காலப் பணத்தைத் தள்ளிப்போட அரசுக்கு அது வசதி. எங்களுக்கு இரண்டு ஆண்டு கூடுதல் சம்பளம். காத்திருந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுக் காலியிடங்கள் காணாமல் போயின. அதைப் பற்றி எங்கள் மேடைகளில் கண்டனத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது.

வேறு இரண்டையும் சொல்ல வேண்டும், அவை சம்பளத்தைப் பற்றியவை அல்ல என்றாலும். ஒன்று, பணிமாறுதல். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை போன்ற வடமாவட்டங்களில் காலியிடம் இருக்கும். தென்மாவட்டத்துக்காரர்கள் அங்கே நியமனம் பெற்று, கலந்தாய்வு வந்ததும் ஊர் திரும்ப முயல்வார்கள். குடும்பத்தைப் பிரிந்து இருப்பவரின் வேதனை பொய்யில்லை. ஆனால் சங்கத்துக்கு வரும் விண்ணப்பங்களில் பாதி மாறுதலுக்கானவை என்ற நிலையில், ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் ஒரே ஆசிரியரோடு ஐந்து வகுப்புகள் ஓடும் பள்ளிகளுக்காக நாங்கள் என்ன கேட்டோம்? மலையில் பணியாற்றுபவருக்கு நல்ல குடியிருப்பு, கூடுதல் படி, குறிப்பிட்ட ஆண்டுக்குப் பின் உறுதியான மாறுதல் என்று ஒரு முழுத் திட்டத்தை நாங்களே வரைந்து கொடுத்திருக்கலாம். அதற்குப் பதில் யாரை எங்கே இறக்கலாம் என்று அலுவலகங்களில் பேசிக்கொண்டிருந்தோம். காலியான இடத்தில் யாரும் வராத பள்ளியின் குழந்தைகளுக்குச் சங்கம் கிடையாது.

மற்றொன்று, எங்கள் பிள்ளைகள். எங்களில் பெரும்பாலோர் அவர்களைத் தனியார் பள்ளிக்கு அனுப்பினோம். 2015இல் அலகாபாத் உயர்நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குபவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டபோது, இங்கேயும் அது பேச்சுப்பொருளானது. தனிமனித உரிமை என்றோம். உரிமைதான். ஆனால் காலையில் தன் பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, மாலையில் வீடு வீடாக ஆள் சேர்க்கப் போன ஆசிரியரிடம், ‘சார், உங்க பொண்ணு எங்க படிக்குது?’ என்று ஒரு கூலித் தொழிலாளி கேட்டால் சொல்வதற்கு எங்களிடம் பதில் இல்லை. 2019இல் ஒரு மாணவர்கூட இல்லாத 46 அரசுப் பள்ளிகள் நூலகங்களாக மாற்றப்பட்டன. பள்ளிகளை மூடாதே என்று சரியாகவே போராடினோம். அந்தப் பள்ளிகள் காலியானதில் எங்கள் பங்கு எவ்வளவு என்பதை எந்தக் கூட்டத்திலும் விவாதிக்கவில்லை.

2026 ஜனவரியில் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கடைசி ஊதியத்தில் பாதி உறுதியான ஓய்வூதியம். பத்து விழுக்காடு பிடித்தம் தொடரும். இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்த இளையவர்களுக்கு இது நிம்மதி, அவர்களுடைய பிடிவாதத்தின் பலன். எங்கள் தலைமுறை அதில் பெருமை கொண்டாட உரிமை குறைவு. பகுதிநேர ஆசிரியரும், மேலாண்மைக் குழு வழியாக வந்த தற்காலிக ஆசிரியரும் அந்த அறிவிப்பு வந்த நாளிலும் அதே இடத்தில்தான் இருந்தார்கள்.

இப்போது ஒரு கோடு எங்கள் மீதே விழுந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு இன்னும் ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் எஞ்சியுள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லாவிட்டால் வெளியேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தேர்வு என்ற ஒன்றே இல்லாத காலத்தில் முறைப்படி பணிக்கு வந்து, இருபது முப்பது ஆண்டு பாடம் நடத்தியவர்களை இப்படித் தள்ளுவது அநியாயம். விலக்கு வேண்டும் என்று கேட்பதில் நான் முழு மனத்தோடு நிற்கிறேன். அதற்கான கூட்டங்கள் மாவட்டந்தோறும் நடக்கின்றன. நான் போன கூட்டத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. அந்த மண்டபத்துக்கு வெளியே, 2013இல் தேறி இன்னும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாற்பது வயதாகிறது, சான்றிதழைக் கோப்பில் வைத்துக்கொண்டு துணிக்கடையிலும் டியூஷன் சென்டரிலும் வேலை பார்க்கிறார்கள். எங்களுக்கு விலக்கு, அவர்களுக்கு நியமனம் என்று இரண்டையும் ஒரே கோரிக்கையாக எழுத வேண்டும் என்று அந்த மண்டபத்தில் ஓர் இளம் ஆசிரியை எழுந்து சொன்னார். மேடையில் இருந்தவர்கள், அது அடுத்த கட்டம் தோழர், முதலில் இதை முடிப்போம் என்றார்கள். 2003இல் நாங்கள் சொன்ன அதே பதில். அவர் உட்காரவில்லை. அந்தத் தீர்மானத்தில் அவர் கேட்ட வரியைச் சேர்க்கும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். என் கையெழுத்தும் அதுவரை இல்லை என்று நானும் எழுந்து சொன்னேன்.